பகலில் தூங்குகிறவருக்கும் அது வீடு

எங்கள் மாடியில் கடைசியாக நடந்த சண்டை மிக்ஸியால் வந்தது. காலை ஒன்பதரை மணி இருக்கும். மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டிய தம்பி, தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டிருக்கிறார். இரவெல்லாம் கன்டெய்னர் யார்டில் நின்று வண்டி நம்பர் குறித்துவிட்டு வந்து ஏழரைக்குப் படுத்த இன்னொரு தம்பி, எழுந்து வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டார். சத்தம் கேட்டு நான் படியேறிப் போனபோது ஜார் மூடி சுவரோரம் கிடந்தது. சட்னி தரையெல்லாம் சிந்தியிருந்தது. "அண்ணாச்சி, வேலைக்குப் போறவன் ஒரு வாய் சாப்பிடக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார். "ராத்திரி பூரா நின்னுட்டு வந்தவன் கொஞ்ச நேரம் கண்ணை மூடக் கூடாதா?" என்று மற்றவர் கேட்டார். இருவர் கேட்டதும் நியாயம். இருவருமே நல்ல பிள்ளைகள்.

சேர்ந்து குடியிருப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். விட்டுக்கொடுக்க வேண்டும், அனுசரித்துப் போக வேண்டும், ஒத்த மனசுள்ள ஆளாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சென்னையின் வடக்கில் உள்ள மணலி புதுநகரில் முதலில் ரூம்மேட்டாகவும் பிறகு வீட்டுக்காரனாகவும் இருந்து நான் பார்த்தது வேறு. இங்கே சண்டை வருவது தூக்கம் கெடுவதால். அதற்கு அடுத்து, கணக்கு எழுதி வைக்காததால். இந்த இரண்டையும் ஒழுங்கு பண்ணிவிட்டால் முன்பின் தெரியாத ஐந்து பேர் ஒரே வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட முடியும். இரண்டும் கோணலாகப் போன வீட்டில் கூடப்பிறந்த அண்ணன் தம்பியே முகம் பார்க்காமல் பிரிந்து போனதையும் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு, ஊர்க்காரர் ஒருவரின் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவன். தென்மாவட்டத்துக்காரர்கள் இந்தப் பக்கம் நிறைய. சாமித்தோப்பை மூலப்பதியாகக் கொண்ட அய்யாவழிச் சமயத்துக்கு மணலி புதுநகரில் பெரிய தர்மபதிக் கோயில் எழும்பியதும், புரட்டாசித் திருவிழாவில் தேரோடுவதும் அப்படி வந்தவர்களால்தான். அந்தக் காலத்தில் தர்மபதிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர். இப்போது அதே ஊரில் எனக்கு ஒரு வீடு. மாடியில் ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் விழுப்புரம், ஒருவர் நாகர்கோவில், ஒருவர் திருவண்ணாமலை, இருவர் ஒடிசா.

இந்த ஊரே வேலைக்காரர்களுக்காக வந்த ஊர். மணலி ஆலைக்காக 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனி தொடங்கப்பட்டது, இன்று சி.பி.சி.எல். அதை ஒட்டி உரத் தொழிற்சாலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள் என்று வரிசையாக வந்தன. அவற்றில் வேலை பார்ப்பவர்கள் பக்கத்திலேயே குடியிருக்கட்டும் என்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மறைமலைநகரைப் போலவே இங்கும் ஒரு புதுநகரத்தை உண்டாக்கியது. 2001-ல் எண்ணூரில் துறைமுகம் வந்தது. பிறகு காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் ஒரு பக்கம், விச்சூர் சிட்கோ தொழிற்பேட்டை ஒரு பக்கம், பொன்னேரி நெடுஞ்சாலை நெடுகக் கன்டெய்னர் யார்டுகள். இவை எதுவும் மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிட்டுப் போகிற இடங்கள் இல்லை. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் மறுநாள் காலை ஆறு என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். கான்ட்ராக்டில் இருப்பவர்கள் பலருக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். ஆலையில் ஷட்டவுன் வந்தால், அதாவது பராமரிப்புக்காக யூனிட்டை நிறுத்தினால், வெல்டரும் ஃபிட்டரும் ரிக்கருமாகப் பெருங்கூட்டம் ஒரே வாரத்தில் வந்து இறங்கும். அந்த நாட்களில் இரண்டு பேர் இருந்த அறையில் ஆறு பேர் படுப்பார்கள்.

ஆகவே இங்கே ஒரு வீட்டைப் பகிர்வது என்பது திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை பகிர்வது போன்றது கிடையாது. அங்கே எல்லோரும் இரவில் தூங்கிக் காலையில் எழுந்து குளியலறைக்கு வரிசையில் நிற்பார்கள். இங்கே ஒருவருடைய காலை இன்னொருவருக்கு நள்ளிரவு.

இரவு வேலை உடம்பை என்ன செய்கிறது என்பதை விஞ்ஞானம் தெளிவாகவே சொல்லிவிட்டது. உடம்புக்குள் ஓடும் நாள் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சம் வந்தால் விழிக்கவும் இருட்டினால் அடங்கவும் பழகிய உடம்பு அது. பகலில் படுக்கவைத்தால் இரவில் தூங்குகிற அளவுக்குத் தூங்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வாய்ப்பு அதிகமுள்ளவற்றின் பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதையே உறுதி செய்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மிக்ஸியும் ஒரு காலிங் பெல்லும் இன்னும் மோசமாக்கிவிடும் என்பதுதான் வீட்டுக்குள் நாம் கவனிக்க வேண்டியது.

தூங்காதவர் மறுநாள் எங்கே போய் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வால்வு திறக்கிற இடத்தில், கிரேனுக்குக் கீழே, எரிவாயுக் குழாய் பக்கத்தில். இந்தப் பகுதியில் ஒருவர் கண்ணயர்ந்தால் அது அவரோடு நிற்காது. வீடு திரும்பும் பாதையும் அப்படித்தான். விடிகாலையில் ஆண்டார்குப்பம் பக்கம் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே கண் சொக்கச் சொக்க பைக் ஓட்டிவரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மிக்ஸி சண்டைக்குப் பிறகு மாடியில் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். அதை விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். மாடியில் இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. உள் அறைக்கு ரோட்டைப் பார்த்த ஜன்னல் இல்லை. லாரி ஹாரன் அவ்வளவாகக் கேட்காது. முன்பு அந்த அறை, கூடுதலாக ஐநூறு ரூபாய் கொடுப்பவருக்கு என்று இருந்தது. இப்போது அந்த வாரம் யாருக்கு இரவு ஷிப்டோ அவருக்கு. பாய், தலையணை, போர்வை அவரவருடையது, அறை மட்டும் வாரத்துக்கு வாரம் கை மாறும். மாதக் காலண்டரில் ஒவ்வொருவர் பெயரையும் ஒவ்வொரு நிற ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஷிப்டைக் குறித்திருக்கிறார்கள். ஹாலில் நுழைந்ததும் அது கண்ணில் படும். உள்ளே யாராவது தூங்குகிறார்களா என்று கதவைத் தள்ளிப் பார்க்கும் வேலை இல்லை. காலிங் பெல்லைக் கழற்றிவிட்டோம். ஐந்து பேருக்கும் ஐந்து சாவி. இரவு ஷிப்ட்காரர் உள்ளே இருக்கும் நேரத்தில் அரைக்க வேண்டியது இருந்தால் கீழே எங்கள் சமையலறையில் வந்து அரைத்துக்கொள்ளலாம் என்று என் மனைவி சொல்லிவிட்டார். ஜன்னலுக்குப் பழைய கறுப்புப் போர்வையைத் தைத்துத் திரையாகப் போட்டதும் அவர்தான். சண்டை போட்ட இரண்டு தம்பிகளும் இன்னும் அதே மாடியில் இருக்கிறார்கள்.

இதில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே பகலில் தூங்குவது என்றால் என்ன என்று, கீழ்த்தளத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஃபேன் அனல்காற்றைத்தான் கீழே தள்ளும். தளத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்தால் சூடு கொஞ்சம் குறைகிறது. நான் அடித்திருக்கிறேன், வித்தியாசம் தெரிகிறது. ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்து ஆலையின் நாற்றம் உள்ளே வரும்.

நாற்றத்தைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் நடுராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். அன்று எங்கள் மாடிப் பிள்ளைகள் கேட்ட கேள்வி சரியான கேள்வி: இதே மாதிரி பகலில் நடந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் உள்ளே பூட்டிக்கொண்டு தூங்கினால் அவரை யார் எழுப்புவது? அதற்குப் பிறகு உள் அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. ஆறாவது சாவி கீழே எங்களிடம் இருக்கிறது. ஐந்து பேருடைய ஊர் நம்பரும், அவரவர் வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு நடுவே சேர்ந்து குடியிருக்கும் எந்த வீட்டிலும் இந்தத் தாள் இருக்க வேண்டும்.

இனி கணக்கு. வாடகையைப் பங்கு போடுவதில் சண்டை வருவது குறைவு. தொகை தெரிந்தது, தேதி தெரிந்தது. அட்வான்ஸில்தான் பிரச்சினை. ஐந்து பேர் சேர்ந்து கொடுத்த அட்வான்ஸ், அக்ரிமென்ட்டில் ஒருவர் பெயர் மட்டும். நடுவில் ஒருவர் ஊருக்குப் போய்விடுகிறார். அவருடைய பங்கைப் புதிதாக வருகிறவர் கொடுப்பதா, இருக்கிறவர்கள் போட்டுக் கொடுப்பதா, வீட்டுக்காரர் கொடுப்பதா? வாயால் பேசிய பேச்சு, ஒன்றரை வருஷத்தில் யாருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்காது. நான் ரூம்மேட்டாக இருந்த காலத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியை அக்ரிமென்ட்டில் பெயர் இருந்தவர் கையில் கொடுத்தார் அந்த வீட்டுக்காரர். பெயர் இருந்தவர் நல்லவர், பிரித்துக் கொடுத்தார். ஆனால் அவர் கொடுக்காமல் போயிருந்தாலும் மற்ற நாலு பேர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்கிறது. எந்தத் தகராறு இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. பேச்சிலர் வீடுகளில் இந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஐந்து பேர் குடியிருந்தால் ஐந்து பெயரும் அக்ரிமென்ட்டில் வரட்டும். யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார் என்பதும், நடுவில் போகிறவருக்கு எத்தனை நாளில் யார் திருப்பிக் கொடுப்பது என்பதும் இரண்டு வரி எழுதப்படட்டும். ஒரு பெயர் மட்டும் இருக்கும்போது மற்ற நாலு பேரும் அந்த ஒருவரின் விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். குரல் உயர்ந்தால் "இது என் பேர்ல இருக்கிற வீடு" என்று ஒரு வார்த்தை வந்து விழும். அந்த வார்த்தைக்குப் பிறகு அங்கே சேர்ந்து இருப்பது கஷ்டம்.

கரண்ட் பில்லில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு கட்டண வரிசை; 500-ஐத் தாண்டினால் வேறு வரிசை. தாண்டிய வீட்டுக்கு 101-லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கே விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் 500-க்கு மேல் ஒரே ஒரு யூனிட் ஓடினாலும் பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். அந்த ஒரு யூனிட்டை ஓட்டியது யார் என்று ஆராயத் தொடங்கினால் விடியவே விடியாது. பகலில் ஃபேன் போட்டுத் தூங்குகிறவரைக் குறை சொல்வார்கள், அவருக்கு வேறு வழியும் இல்லை. மாதம் முடியும்போது மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டால் இரண்டாம் மாதம் எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் கை அடக்கலாம். இரண்டு பேர் போனில் கணக்குச் செயலி வைத்திருந்தாலும் நான் நாற்பது பக்க நோட்டையே சொல்வேன். அது சமையலறை ஆணியில் தொங்கும், யாரும் எந்த நேரமும் புரட்டிப் பார்க்கலாம். கேன் தண்ணீர், கேஸ், பால் எல்லாம் அதில் ஏறும். கடலுப்பு நிலத்தடியில் ஏறிவிட்ட பகுதி இது. போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. இருபது லிட்டர் கேனை மாடிக்கு யார் தூக்குவது என்பதும் அந்த நோட்டில் முறை போட்டு எழுதியிருக்கிறது.

சம்பளத் தேதியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கம்பெனி சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும். கான்ட்ராக்ட்காரருக்கு ஏழாம் தேதி என்பார்கள், பத்தாகும், சில மாதம் பதினைந்தாகும். வாடகை ஐந்தாம் தேதி. இந்த இடைவெளியில் யாரோ ஒருவர் மற்றவருக்காகக் கொடுத்துக்கொண்டே இருப்பார், கொஞ்ச நாளில் மனசு கசந்து போகும். நான் மாடிக்கு வாடகைத் தேதியைப் பன்னிரண்டாக மாற்றினேன். எனக்கு அதனால் ஒரு நஷ்டமும் வரவில்லை.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பசிக்கிறவர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். சித்திரை மாதம் ஒடிசாப் பையன் ஒருவர் இரவே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிரும் பச்சை மிளகாயும் போட்டுச் சாப்பிட்டார். அதற்கு அவர்கள் ஊரில் பகாளா என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருவண்ணாமலைத் தம்பி, "பையா, இது எங்க பழைய சோறுய்யா" என்று எழுந்துபோய்ச் சின்ன வெங்காயம் எடுத்து வந்து நறுக்கினார். அதுவரை இருவருக்கும் பொதுவாகப் பேச ஒரு மொழிகூட இல்லை. கடுகு எண்ணெய் வாசனை பிடிக்கவில்லை என்று அதற்கு முன்பு முகம் சுளித்தவரும் அதே தம்பிதான். இப்போது வெயில் ஏறினால் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

வீடு தேடி அலைகிற பிள்ளைகளுக்கு முதலில் விழுகிற கேள்வி வாடகையைப் பற்றியது அல்ல. "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லப்படும் முஸ்லிம் பிள்ளைகளும், ஊரின் எந்தத் தெரு என்று துருவித் துருவிக் கேட்கப்படும் பிள்ளைகளும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தி பேசினாலே வீடு கிடையாது என்கிறவர்களும் உண்டு. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது வடமாநிலப் பிள்ளைகள் இரவு ஷிப்டுக்குப் போகவே பயந்தார்கள். ரூம்மேட்டுகளும் சில சமயம் இதே தப்பைச் செய்கிறார்கள். நம்ம ஊர், நம்ம ஆள் என்று பார்த்துச் சேர்த்தால் சண்டை வராது என்று நினைக்கிறார்கள். ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்திருந்த வீடுகளில்தான் நான் பெரிய பிளவுகளைப் பார்த்திருக்கிறேன். ஊரில் இருக்கும் நிலத் தகராறும் கல்யாணத் தகராறும் போனில் ஏறி அறைக்குள் வந்துவிடும். நான் மாடிக்கு வருகிறவரிடம் இரண்டு கேள்விதான் கேட்கிறேன்: என்ன ஷிப்ட், சம்பளம் எந்தத் தேதி. மூன்றாவது கேள்வி கேட்கத் தேவை வந்ததில்லை.

பேச்சிலர் என்றால் தொல்லை என்று நினைக்கும் வீட்டுக்காரர்களுக்கு 2021 நவம்பரைச் சொல்ல விரும்புகிறேன். பூண்டி ஏரியிலிருந்து திறந்த உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து, கரை தாண்டி, மணலி புதுநகருக்குள் நுழைந்தது. 2015-ல் பட்டதே போதும் என்றிருந்தோம், மறுபடியும் வந்தது. எங்கள் கீழ் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அப்போது மாடியில் இருந்தவர்கள் வேறு ஐந்து பேர். என் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். உள் அறையை எங்கள் குடும்பத்துக்கு விட்டுவிட்டு ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்தார்கள். பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டர் மிதந்து போனதைப் பிடித்து வந்து கட்டினார்கள். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் ஒரே அடுப்பில் பத்துப் பேருக்குச் சமைத்தோம். அவர்கள் எங்கள் குடும்பத்துக்கு எந்த விதத்திலும் கடமைப்பட்டவர்கள் இல்லை.

அப்போதிருந்து மாடியில் ஒரு பழக்கம் உண்டு. ஐ.டி.ஐ. சர்டிபிகேட், ஆதார், பாஸ்புக், வெல்டிங் தேர்வுச் சான்றிதழ் எல்லாம் ஐந்து பேருடையதும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் பரண்மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியபோது, தரைத்தளத்தில் அறை எடுத்திருந்த பிள்ளைகளின் சான்றிதழ்கள் கறுத்து ஒட்டிப்போனதைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் தாள்தான் அவர்களுடைய மொத்தச் சொத்து.

இவ்வளவும் வீட்டுக்குள் செய்யக்கூடியவை. வெளியே செய்ய வேண்டியதை வெளியே இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளரைக் கூட்டிவரும் கான்ட்ராக்டர் அவர்களுக்குத் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்று 1979-ம் ஆண்டின் சட்டமே சொன்னது. தகரக் கூரைக்கும் அந்தச் சொல்லுக்கும் உள்ள தூரம் இந்தப் பகுதியில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டு, பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதன் பிறகு விடுதிகளைப் பற்றி அரசும் கம்பெனிகளும் அதிகமாகப் பேசத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு தொழிலாளர் குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகளும் பல ஊர்களில் வந்திருக்கின்றன.

சிங்கப்பூரும் பட்ட பிறகே கற்றது. 2020-ல் கொரோனா அங்கே மிக வேகமாகப் பரவியது தொழிலாளர் விடுதிகளில்தான். தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போன நம் பிள்ளைகள் அறைக்குள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். மறு வருஷம் அந்த அரசு புது விடுதிகளுக்கு விதி போட்டது: ஓர் அறையில் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை. முன்பு எங்களோடு தங்கியிருந்து அங்கே போன ஒரு தம்பி போனில் சொன்னார்: "இடம் பரவாயில்லண்ணே. ஆனா ரூம்ல பாதிப் பேரு நைட், பாதிப் பேரு டே. தூக்கம் அதே கதைதான்." எத்தனை கட்டில் போடலாம் என்று அளந்த விதி, அந்தக் கட்டிலில் எப்போது தூங்குவார்கள் என்பதையும் அளந்திருக்க வேண்டும்.

மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று இவ்வளவு ஆலைகளும் துறைமுகங்களும் உள்ள இந்த வடக்குப் பக்கத்துக்கும் வல்லம் வடகாலைப் போல ஒரு குடியிருப்பு வேண்டும். கட்டும்போதே ஷிப்ட்வாரியாகத் தனித் தளங்கள் வேண்டும், தரைத்தளத்தில் யாரையும் படுக்கவைக்காமல் வெள்ளத்தை மனதில் வைத்துக் கட்ட வேண்டும். அது அரசு செய்ய வேண்டியது, நாளாகும்.

நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைக் கம்பெனிகளிடமும் கான்ட்ராக்டர்களிடமும் கேட்கிறேன். ஷிப்ட் பட்டியலை இப்போது முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். சில நாள் வேலை முடிந்து கேட்டைத் தாண்டும்போது, "இன்னிக்கு நைட்டும் வந்துடு" என்கிறீர்கள். யார் எந்த அறையில் எப்போது தூங்குவது என்று ஐந்து பேர் உட்கார்ந்து பேசிக் காலண்டரில் குறித்தது அந்த ஒரு மெசேஜில் கலைந்துவிடுகிறது. ஒரு வாரத்து ஷிப்டை முந்தின வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். மீதியை எங்கள் மாடிகளில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.